ஆபிரகாம் பண்டிதரும் மார்கழி மாதத்துக் கிதாரும்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரையில் விடியற்காலத்துக்கு ஓர் இசையும் முன்னிரவுக்கு வேறோர் இசையும் அமைந்துவிடுகின்றன. விடியுமுன் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் தெருக்களை வலம் வருகின்றன. மாதத்தின் முதற் பத்து நாட்களிலோ, பொழுது சாய்ந்த பின், கிறிஸ்தவர் வாழும் வீதிகளில் கீத பவனி புறப்படுகிறது. நகரத்தில் மட்டுமன்று, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, திண்டுக்கல் என்று சுற்றிலுமுள்ள சமவெளியெங்கும் இதுவே வழக்கம். கையில் ஒரு விளக்கு, தோளில் ஒரு தோலக், இளைஞன் ஒருவனது மார்பில் ஒரு கிதார். பாடுவோர் அடுத்த வீட்டுக்குப் போன பின்னும் அவ்விளைஞன் திண்ணையிலமர்ந்து பாட்டின்றித் தனியே அதை மீட்டிக்கொண்டிருப்பதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கட்டை விரல் கீழ்த் தந்திகளில் ஆதாரம் பிடிக்க, மற்ற விரல்கள் மேல் தந்திகளில் ராகத்தை எடுக்கின்றன. ஒரே வாத்தியம் பாடகனாகவும் பக்கவாத்தியமாகவும் நின்றுவிடுகிறது.

இதைக் கேட்டுச் சில தேசாபிமானிகள் முகஞ் சுளிப்பதையும் நாம் அறிவோம். வாத்தியம் ஸ்பெயின் தேசத்தது. பண்டிகையோ பரதேசத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் சங்கீதத்துக்கும் இவற்றுக்கும் யாது சம்பந்தம் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நேர்மையானதே. பிடில் வாத்தியத்தைக் குறித்தும் ஒரு காலத்தில் இவ்வாறே கேட்டிருப்பர். முத்துசாமி தீக்ஷிதரின் இளவல் பாலுசாமி தீக்ஷிதர் அதனைக் கைக்கொண்டார். அவர் காலத்துக்குப் பின் பிடில் இல்லாத கச்சேரியே இல்லை என்றாயிற்று. ஆயினும் கிதார் விஷயத்தில் பிடிலை உதாரணங் காட்டி நிறுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. இக்கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே விடையாக இருக்கிறது. அவர் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர். அவருடைய வாத்தியங்கள் பிடிலும் வீணையுமே எனினும், கிதாரின் கழுத்தில் மெட்டுக் கம்பிகள் எந்தக் கணக்கில் பதிந்திருக்கின்றனவோ, அந்தக் கணக்கு இளங்கோவடிகள் காலத்துத் தமிழருக்குத் தெரிந்ததே என்று நிலைநாட்டுவதற்காகத் தம் பொருளையும் ஆயுளின் பிற்பகுதியையும் செலவிட்டவர் அவர்.

அவர் 1859-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி, அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவில் தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி நாடார், தாயார் அன்னம்மாள். எளிய கிறிஸ்தவக் குடும்பம். சொத்து என்று சொல்லத்தக்கது பிள்ளையின் படிப்பு ஒன்றே. அப்படிப்பு அவரை உபாத்தியாயர் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தது.

திண்டுக்கல் அப்பொழுது மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது; 1985-லேதான் தனி ஜில்லாவாயிற்று. பண்டிதரின் பெயரோடு தஞ்சையையே சேர்த்துப் பேசுவது உலக வழக்காகிவிட்டது. தஞ்சையில் அவர் புகழடைந்தார் என்பது உண்மை. ஆனால் பண்டிதரை உண்டாக்கியது மதுரைச் சீமை என்பதே நமது அபிப்பிராயம். பயிற்சிப் பாடசாலையில் மாணாக்கராகவும் பின்னர் உபாத்தியாயராகவும் இருந்த காலத்தில் அவர் கற்றவற்றை நோக்கினால் இது விளங்கும். சடையாண்டி பத்தர் என்பாரிடம் பிடில் பயின்றது அங்கேதான். புகைப்படக் கலையிலும் அச்சுத் தொழிலிலும் அவருக்கு ஆசை உண்டானதும் அங்கேதான். மூலிகைகளைத் தேடித் திரியும் பழக்கமும் அங்கேயே தொடங்கிற்று. அந்தத் தேட்டம் அவரைக் கம்பம் பள்ளத்தாக்கின் மேலுள்ள சுருளி மலைக்கு இட்டுச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைப் பெற்றார். பிற்காலத்தில் தாம் ஸ்தாபித்த வைத்தியசாலை, தோட்டம், எழுதிய பெருநூல் ஆகிய எல்லாவற்றுக்கும் கருணை என்னும் சொல்லை முதலில் வைத்தே பெயரிட்டார். ஞாயிறு தோறும் மாதா கோயிலுக்குச் செல்லும் ஒரு புராட்டெஸ்டாண்டுக் கிறிஸ்தவர் ஒரு சைவச் சித்தரைக் குருவாகக் கொண்டு சாகுமளவும் அந்நன்றியை மறவாதிருந்தார். மதம் மாறியவன் நாட்டையும் மாற்றிக்கொண்டான் என்று பேசுவோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அந்த அம்மையாரும் உபாத்தியாயினியே. மறு வருஷம் இருவரும் தஞ்சைக்குச் சென்று மிஷன் பள்ளிகளில் வேலை ஏற்றனர். வைத்தியத்தில் கைராசி பரவப் பரவப் பள்ளிக்கூட வேலைக்கு நேரமில்லாது போயிற்று. 1890-ல் அவ்வேலையை விட்டு விலகினார். கருணாநிதி வைத்தியசாலையின் மாத்திரைகள் தமிழ்நாடெங்கும் விலைபோயின. கடல் கடந்தும் சென்றன. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளும் கரும்பும் பயிரிட்டார். அது பண்டிதர் தோட்டம் என்றே பெயர் பெற்றது. கவர்னர் ஸர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தைப் பார்வையிட்டதும், 1909-ல் ராவ் சாகிப் பட்டம் வந்ததும், பண்டிதர் தம் அச்சுக்கூடத்துக்கு அந்தக் கவர்னரின் பெயரையே இட்டதும் நம் வாசகர்களுக்கு அவ்வளவாக உவக்கமாட்டா. நமக்கும் உவப்பில்லை. ஆனால் அந்த அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது என்ன என்று பார்த்த பிறகே அவரை எடைபோட வேண்டும்.

தஞ்சை அன்று சங்கீதத்தின் தலைநகரம். அங்கே வித்வான்களுக்குக் குறைவில்லை. குறைவாயிருந்தது தமிழ்ப் பாட்டு. சங்கீதம் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை முதற் கீதத்திலிருந்தே பொருள் தெரியாத பாஷையில் பாட வேண்டியிருந்தது. பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. கீதம், ஸ்வரஜதி, கீர்த்தனம் என்ற வரிசையில் தமிழிலேயே 96 உருப்படிகளைத் தாமே இயற்றி ஸ்வரப்படுத்தினார். அவை கிறிஸ்தவ பக்திப் பாடல்கள். இசையோ முற்றும் நம் நாட்டு ராகமும் தாளமும். தமிழிசைக்காக அண்ணாமலை நகரிலும் சென்னையிலும் பெருங்கிளர்ச்சி எழுந்தது 1940-க்குப் பின்னர். அதற்கு ஒரு தலைமுறை முன்னதாகவே தஞ்சையில் ஒரு வைத்தியர் வாய்ப்பேச்சின்றி அவ்வேலையைச் செய்து முடித்திருந்தார்.

கிறிஸ்தவர்களுள் இவ்வழியில் அவர் முதல்வர் அல்லர் என்பதையும் சொல்லுதல் கடமை. திருநெல்வேலியிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவைக் குறவஞ்சியிலும் கீர்த்தனத்திலும் பாடியவர். மேனாட்டு மெட்டுகளையே கோயிலிற் பாட வேண்டும் என்ற பாதிரிமாருடன் அவர் கொண்ட பிணக்கு பிரசித்தமானது. அப்பிணக்கில் சங்கீதத்தைக் குறித்து அவர் சொன்னது சரி. ஜாதி வேற்றுமையைக் கோயிலுக்குள்ளும் காப்பாற்ற வேண்டும் என்று அவர் வாதாடியதை நாம் ஒப்புக்கொள்ளோம். அவருடைய கீர்த்தனங்களின் அருமையை உணர்ந்து 1853-ல் பொது வழிபாட்டுக்கென்று புத்தகமாகத் தொகுத்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்னும் பாதிரியாரே. ஆகவே கிறிஸ்துமஸ் இரவில் தமிழ் ராகம் ஒலிப்பது மதுரைக்குப் புதிதன்று. அதற்கு நூற்றெழுபது வருஷத்துக்கு மேற்பட்ட உரிமை உண்டு.

பண்டிதரின் பெருமை பாட்டு இயற்றியதோடு நிற்கவில்லை. பிடில் வாசிக்கும்போதே அவர் மனத்தில் ஒரு சந்தேகம் முளைத்திருக்க வேண்டும். ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை ஸ்வரஸ்தானங்கள், அவற்றின் இடைவெளிகள் யாவை என்பதே அது. சாஸ்திரம் படித்தவர்கள் யாவரும் 22 சுருதிகள் என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சொன்னது வேதவாக்காக நின்றது. அந்த 22-ஐயும் தனித்தனியே பாடிக்காட்டச் சொன்னால் ஒருவர் காட்டியது மற்றொருவர் காட்டியதோடு ஒத்துவரவில்லை. இதைத் தீர்க்க வேண்டுமென்று பண்டிதர் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, 1912 மே 27-ல் முதல் மகாநாட்டைக் கூட்டினார். அடுத்தடுத்துப் பல மகாநாடுகள் நடந்தன. வித்வான்களின் வழிச்செலவு, உணவு, உறைவிடம் எல்லாம் பண்டிதரின் பொறுப்பு. சென்னை வித்வத் சபை 1928-லேதான் ஏற்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், சர்க்கார் உதவியோ ஜமீன்தார் தயவோ இன்றி, மாத்திரை விற்ற பணத்தைக்கொண்டு ஒரு தனி மனிதர் செய்த இக்காரியத்தின் அளவு புலப்படும்.

1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடியது. பண்டித பாத்கண்டே முதலிய வடநாட்டு அறிஞர்கள் வந்திருந்தனர். 22 சுருதிக் கொள்கைக்கு அக்காலத்தில் பெருந்தூணாக விளங்கியவர்கள் தேவல் என்னும் மராட்டியரும் கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தருமாவர். அந்தச் சபைக்குப் பண்டிதர் தம் குமாரத்திகளை அழைத்துச் சென்றார். மரகதவல்லி அம்மாளும் அவர் சகோதரியும் தந்தையின் கணக்கை வாயாலும் வீணையாலும் மெய்ப்பித்துக் காட்டினர். கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் சபையேறுவதையே இழிவாகக் கருதிய காலம் அது. தந்தை பேசிவிட்டுத் திரும்பியிருக்கலாம். குமாரத்திகளைச் சாக்ஷிகளாக அன்றி வித்வாம்சினிகளாக முன்னிறுத்தினாரே, அதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மறு வருஷம், 1917-ல், கருணாமிர்த சாகரம் அச்சேறிற்று. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலைப் படித்தவர்கள் சிலர். படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலர். அதன் உயிர்நிலையான வாதத்தை இயன்றவரை எளிதாகக் கூறுவோம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள்; ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்வரத்தின் பெயர். உ. வே. சாமிநாதையர் 1892-ல் மூலத்தையும் அடியார்க்கு நல்லார் உரையையும் பதிப்பித்துத் தந்தபடியால் இப்பகுதி நாட்டுக்குக் கிடைத்தது. வட்டத்தைப் பன்னிரண்டு இராசி வீடுகளாகப் பிரித்து ஸ்வரங்களை அமைக்கும் முறையை உரைகள் கூறுகின்றன. குரலை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு மாற்றினால் புதிய பாலை பிறக்கும். பண்டிதர் கேட்டது இதுதான்: வீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் சிறிதுமாக இருந்தால், குரலை மாற்றுந்தோறும் இடைவெளி பிசகிப் பாலை பொய்த்துவிடாதா? பொய்க்காமலிருக்க வேண்டுமாயின் பன்னிரண்டு வீடும் சமமாயிருத்தல் வேண்டும்.

இதையே வேறு வழியாலும் காணலாம். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று 12 முறை ஏறினால் 7 ஸ்தாயிகளைக் கடந்து மீண்டும் ஷட்ஜத்துக்கு வருகிறோம். ஆனால் சரியாக வருவதில்லை. இம்மியளவு மிகுந்து நிற்கும். அந்த மிகுதியைப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பங்கிட்டுவிட்டால் வட்டம் மூடிக்கொள்ளும். அப்பொழுது ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வும் அதற்கு முந்தியதைப்போல் 1.0595 மடங்காக ஏறி, பன்னிரண்டாம் படியில் சரியாக இரட்டிக்கும். பண்டிதர் லாகரிதக் கணக்கால் இதைப் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டை ஆயப்பாலை என்றும், அதனை இரட்டித்த 24-ஐ வட்டப்பாலை என்றும், மேலும் இரட்டித்த 48, 96 ஆகியவற்றைத் திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்றும் வகுத்தார்.

இனிக் கிதாரைக் கையிலெடுப்போம். வீணையில் மெட்டுகள் 24. இரண்டு ஸ்தாயிகளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. கைதேர்ந்தவர் செவியால் கேட்டுக் கேட்டு அவற்றை இடம் பொருத்துவார். கிதாரிலோ மெட்டுக் கம்பிகள் மரத்தில் நிரந்தரமாக அறையப்பட்டவை. ஒரே கம்பி ஆறு தந்திகளுக்கும் குறுக்கே நேராக ஓடுகிறது. ஆறு தந்திகளும் வெவ்வேறு சுருதியில் இருக்க, அவை யாவற்றுக்கும் ஒரே கம்பி பொருந்த வேண்டுமானால் இடைவெளிகள் சமமாயிருந்தாலன்றி முடியாது. பன்னிரண்டாங் கம்பி தந்தியின் நடுமத்தியில் அமைவதும், கழுத்தின் மேலே போகப்போகக் கம்பிகள் நெருங்குவதும் அந்த 1.0595-இன் வேலையே. ஐரோப்பாவில் விண்வெளி ஆராய்ந்த கலிலியோவின் தந்தை விஞ்சென்ஸோ 1581-ல் 18-க்கு 17 என்ற கணக்கால் இதை அண்ணளவாகப் பிடித்தார். சீன தேசத்தில் ஜு ஸாய்யூ என்னும் இளவரசர் 1584-ல் நுட்பமாகவே கணித்துவிட்டார். ஆகவே இந்தக் கணக்கு எந்த ஒரு தேசத்தின் தனிச்சொத்தும் அன்று.

பண்டிதரின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஒப்புக்கொள்கிறோம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். கடல்கொண்ட லெமூரியாக் கண்டத்திலிருந்து உலகத்துச் சங்கீதமெல்லாம் புறப்பட்டது என்று அவர் எழுதிய பகுதிகள் அன்றைய விஞ்ஞானத்தின் ஒரு ஊகத்தை நம்பி எழுதப்பட்டவை. பூகர்ப்ப சாஸ்திரம் அவ்வூகத்தைக் கைவிட்டு நெடுநாளாயிற்று. 24 சுருதிகளும் கால் கால் ஸ்வரமாகச் சமமே என்ற கொள்கையைப் பாடகர்கள் ஏற்கவில்லை. கமகத்தில் வழுக்கிச் செல்லும் நம் ராகங்களை எந்தச் சம அளவுக்குள்ளும் அடைப்பது கடினமே. காந்தாரம் செவிக்கு இனிக்கும் இடமும் கணக்குச் சொல்லும் இடமும் சற்று விலகியே இருக்கின்றன. 1947-ல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் வேறு வழியிலேயே சென்றது. இவ்வளவும் உண்மை. ஆயினும் பழந்தமிழ் இசையிலக்கணத்தைப் புராணமாகப் பாராட்டாமல் கணக்காக எடுத்துச் சோதித்தவர் அவர். அவரை மறுத்தவர்களும் அவர் வகுத்த களத்தில் நின்றே மறுக்க வேண்டியவராயினர்.

நூல் வெளியான இரண்டே வருஷத்தில், 1919 ஆகஸ்டு 31-ந் தேதி, பண்டிதர் காலமானார். வயது அறுபது. இரண்டாம் பாகம் அச்சேற 1946 வரை காத்திருந்தது. குமாரத்தி மரகதவல்லி அம்மையாரே அதை வெளிக்கொணர்ந்தார். பாதி அச்சான நூலோடு இருபத்தேழு வருஷம் தமிழ்நாடு கவலையின்றி இருந்துவிட்டது.

கிதாருக்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு பழமையானது. ஆஸ்திரிய தேசத்து ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூரில் 1818 டிசம்பர் 24-ந் தேதி, ஜோஸப் மோர் என்னும் ஏழைப் பாதிரியார் தாம் எழுதி வைத்திருந்த பாட்டைப் பக்கத்தூர்ப் பள்ளி உபாத்தியாயர் பிரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்து, இரண்டு குரல்களுக்கும் ஒரு கிதாருக்கும் மெட்டமைக்கச் சொன்னார். அன்றிரவே அது கோயிலில் பாடப்பட்டது. இன்று உலகமெங்கும், மதுரையிலும், பாடப்படும் அமைதியான இரவைப் பற்றிய பாட்டு அதுவே. ஆனால் நமக்கு அதைவிட உபயோகமான உதாரணம் வேறொன்றிருக்கிறது. ஸ்பெயின் ராஜ்யத்துக்குள் தம் பாஷைக்காகப் போராடிய கதலோனியாவில் மிகேல் லியோபெத் (1878–1938) என்னும் கிதார் வித்வான் தோன்றினார். பெரிய தேசங்களின் இசையைப் பெயர்த்தெழுத அவருக்கு வல்லமை இருந்தது. அதனோடு நில்லாமல் தம் நாட்டுத் தாய்மார் கிறிஸ்துமஸ் காலத்தில் பாடும் தாலாட்டு ஒன்றை எடுத்து ஒற்றைக் கிதாருக்கு அமைத்தார். அது இன்று உலகத்துக் கிதார் மேடைகளில் எல்லாம் ஒலிக்கிறது. அமெரிக்காவில் ஜான் பேஹி என்பார் 1968-ல் கிறிஸ்துமஸ் கீதங்களைக் கிதார் ஒன்றிலேயே வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. ஆயினும் அது வெகு காலம் விலைபோயிற்று.

மதுரை இளைஞர்களின் கையிலும் அதே வாத்தியம் இருக்கிறது. விரல் திறமையும் இருக்கிறது. ஆனால் அவர்கள் தனியே மீட்டும்போது எழுவது பெரும்பாலும் சால்ஸ்பர்க்கின் மெட்டும் லண்டனின் மெட்டுமே. நாம் அவற்றைப் பழிக்கவில்லை, இனிய மெட்டுகள்தாம். திண்டுக்கல்லில் பிடில் பிடித்துப் பழகிய ஒருவர் 96 தமிழ் உருப்படிகளை ஸ்வரத்தோடு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றுள் பத்தையேனும் கிதாரில் அமைத்த இளைஞர் எங்கே என்று மட்டும் கேட்கிறோம். மதுரையிலுள்ள கோயில்களின் இசைக்குழுத் தலைவர்களும், கலாசாலைகளில் சங்கீதம் கற்பிப்போரும் இவ்வருஷக் கிறிஸ்துமஸுக்குள் இதற்கு ஏற்பாடு செய்யலாகாதா? செலவில்லாத காரியம்.

செய்கிறவர்களுக்கு வழி ஒன்று சொல்வோம். கிதாரின் ஆறாந் தந்தியை, அதாவது மிகத் தடித்ததை, ஒரு முழு ஸ்வரம் தளர்த்திவிடுக. அப்பொழுது ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று தந்திகளும் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்று நின்றுவிடும். கட்டை விரல் அம்மூன்றையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தால் தம்புராவுக்கு வேறு ஆள் வேண்டாம். மேலுள்ள மூன்று தந்திகளில் கீர்த்தனத்தின் பல்லவியை எடுக்கலாம். கமகம் வேண்டிய இடத்தில் தந்தியை மெட்டின்மேல் சற்றே ஒதுக்கி இழுக்க வேண்டும். வீணையைப்போல் அவ்வளவு தூரம் இழுபடாது. அது அந்த வாத்தியத்தின் குறை. பழகப் பழகக் கை அதற்கு ஒரு வழி கண்டுகொள்ளும்.